எடை குறைக்க இடைவெளி விரதம்: காவிரிப் படுகை மக்களுக்கான கேள்வி பதில்கள்

உணவு நேரத்தைச் சுருக்கி எடையைக் குறைக்கும் முறை பற்றிய பேச்சு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் இப்போது பரவலாக இருக்கிறது. கைப்பேசியில் வந்த அட்டவணையைப் பார்த்து மறுநாளே காலை உணவை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உணவை மட்டும் நிறுத்திவிட்டு, சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரைச் சில மணி நேரப் பசி பெரிதாக வருத்தாது. அந்தப் பசியோடு மாத்திரையும் வெயிலும் கடும் உழைப்பும் சேரும்போதுதான் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நிலை வருகிறது.

இடைவெளி விரதம் என்று எதைச் சொல்கிறார்கள்?

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்ற பெயரில் மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. நாளின் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குள் எல்லா உணவையும் முடித்துக்கொண்டு மீதி 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது முதல் முறை. நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது இதுதான். வாரத்தில் 5 நாள் வழக்கம்போல் உண்டு, 2 நாள் மட்டும் ஏறத்தாழ 500 முதல் 600 கலோரிக்குள் நிறுத்திக்கொள்வது இரண்டாவது. ஒருநாள் விட்டு ஒருநாள் உணவைக் கடுமையாகக் குறைப்பது மூன்றாவது. மூன்றிலும் தண்ணீருக்குத் தடை இல்லை.

சாப்பிடாமல் இருக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் உண்ணும் சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 100 கிராம்தான். கடைசி உணவுக்குப் பிறகு மணிக்கணக்கில் அது கரைந்துகொண்டே வர, இன்சுலின் அளவு இறங்க, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகப் போக உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கத் தொடங்கி, அதிலிருந்து கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளைக் கல்லீரல் தயாரிக்கிறது.

கிளைக்கோஜன் தன் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை இயந்திரம் காட்டும் பெரிய இறக்கத்தில் பெரும்பகுதி இந்த நீர்தான். அதைக் கொழுப்பு என்று நினைத்து மகிழ்ந்து, மூன்றாம் வாரத்தில் முள் அசையாதபோது மனம் தளர்ந்து, இரவு உணவையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

உண்மையிலேயே எடை குறையுமா?

குறையும். ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 116 பேரை 12 வாரங்கள் கவனித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நண்பகல் 12 முதல் இரவு 8 மணிக்குள் மட்டும் உண்டவர்கள் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இழந்தார்கள். மூன்று வேளையும் உண்டவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2022-ல் வெளியான ஆய்வில் இரு பிரிவினரும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டவர்கள் 8 கிலோ அளவுக்கும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ அளவுக்கும் குறைந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளி உறுதியான வேறுபாடாகத் தேறவில்லை.

இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: எடையைக் குறைப்பது குறைவாக உண்பதே, கடிகாரம் அதற்கு ஒரு துணை. இரவு ஒன்பது மணிக்கு மேல் மிக்சரும் பஜ்ஜியும் கொறிக்கும் பழக்கமுள்ளவருக்கு அந்தத் துணை நன்றாகவே பயன்படும். அப்படிப்பட்ட பழக்கம் இல்லாதவர் ஒவ்வொரு வேளையிலும் சோற்றின் அளவைச் சிறிது குறைத்தாலே இதே பலன் கிடைக்கும். ஆகவே, உடல்நிலை காரணமாக இந்த விரதம் ஒத்துக்கொள்ளாத ஒருவர் பெரிதாக எதையோ இழந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

எனக்கு எந்த நோயும் இல்லை, எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. எனக்கு இது பாதுகாப்பானதா?

பொதுவாக ஆம். தொடக்க நாட்களில் தலைவலி, எரிச்சல், வாய்நாற்றம், மலச்சிக்கல், தூக்கக் குறைவு வரலாம்; பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் உடல் பழகிக்கொள்ளும். நேரடியாகப் பதினாறு மணி நேரத்தில் குதிக்காமல், இரவு 7 மணிக்கு உண்டு முடித்து மறுநாள் காலை 7 மணிக்கு உண்பது என்று பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். அது எளிதாகிவிட்டால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். பதினான்கில் நின்றுவிட்டாலும் குறையில்லை.

உங்களுக்கு நோய் இல்லை என்பது பரிசோதித்துத் தெரிந்ததா, சோதிக்காததால் தோன்றுவதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இவற்றைப் பற்றிக் கேட்கலாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் செய்யலாமா?

மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றித் தராமல் ஒருநாள்கூடச் செய்யாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் உள்ளது. அதனால் எடையைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்படுகிறவரும் சர்க்கரை மாத்திரை உண்பவரும் பல நேரங்களில் ஒரே ஆளாக இருக்கிறார்.

எல்லாச் சர்க்கரை மாத்திரைகளும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்றவை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல், கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. உணவு வராத வயிற்றில் இன்சுலின் மட்டும் வேலை செய்தால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடும்; இதுதான் தாழ்சர்க்கரை. ஊசியாகப் போடும் இன்சுலினுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் தனியாக எடுக்கப்படும்போது சர்க்கரையை இவ்வாறு தாழ்த்துவது அரிது. ஆனால், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கலந்த ஒரே மாத்திரை நம் ஊரில் மிகவும் பரவலாக எழுதித் தரப்படுகிறது. “நான் மெட்ஃபார்மின்தான் சாப்பிடுகிறேன்” என்று நம்பியிருப்பவர்கள் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் இரண்டு பெயர்களையும் படித்துப் பார்க்க வேண்டும்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற புதிய வகை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகின்றன. அவற்றோடு நீண்ட பட்டினி சேர்ந்தால் உடலில் நீர் வற்றுவதோடு, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் அபாய அளவுக்கு ஏறிவிடக்கூடும். அப்போது சர்க்கரை அளவு அதிகம் உயராமலே இருக்கலாம் என்பதால், சர்க்கரைமானியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள் பலருக்கு அது வீட்டு வாசலுக்கே வருகிறது. முதியவர்களுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் மருத்துவரை நேரில் பார்க்கும் இடைவெளி கூடிவிடும்போது, உணவுப் பழக்கத்தை மாற்றியதைச் சொல்லும் வாய்ப்பும் குறைந்துவிடுகிறது. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ செவிலியரிடமோ செய்தியைச் சொல்லி, மருத்துவரைப் பார்க்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவாக இருக்கட்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடுவதும் ஆபத்தே.

தாழ்சர்க்கரை வந்தால் எப்படித் தெரியும்? உடனே என்ன செய்வது?

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, அடங்காத பசி ஆகியவை முதலில் வரும். பிறகு கண் மங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், நடை தள்ளாடும். வயலில் வெயிலில் நிற்பவருக்கு வியர்வை எப்படியும் இருக்கும் என்பதால் அந்த அடையாளம் பயன்படாமல் போகிறது. களைப்பு என்று வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே மயங்கிச் சாய்வதற்கு இதுவே வழி. அடினலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளை ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம்.

சந்தேகம் வந்த உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சரியானதும் சோறோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். விரதம் கலைந்துவிடும் என்று ஒரு நொடியும் தயங்கக் கூடாது. நினைவிழந்தவரின் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை, ஒருமுறை சரியானபின் சில மணி நேரத்தில் திரும்பவும் வரக்கூடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது கூடுதலாக நேரும். எனவே தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

ரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுவலி மாத்திரைகள் எடுப்பவர்கள்?

ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, உணவோடு வரும் நீரும் உப்பும் குறையும்போது எழுந்து நின்றதும் தலைசுற்றல் வரலாம். எடை குறையக் குறைய அழுத்தமும் இறங்குவதால் அளவை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். தைராய்டு மாத்திரையை எப்படியும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுப்பதால் தடை இல்லை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போடும் வலிநிவாரணிகளை வெறும் வயிற்றில் போடவே கூடாது. காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எடை குறைப்பு என்ற எண்ணத்தையே சிகிச்சை முடியும்வரை தள்ளிவைக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்கிறார்களே?

குடற்புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், வலிநிவாரணி மாத்திரைகளும்தான். பசி மட்டுமே புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே புண் உள்ளவர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் நீண்ட இடைவெளி வலியைக் கூட்டலாம். பசியை அடக்க வெறும் வயிற்றில் காபி குடித்துக்கொண்டே இருந்தால் இன்னும் கூடும். மலம் கறுத்துப் போனாலோ வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ அது அவசர நிலை.

இதைவிட அதிகம் பேசப்படாத ஒன்று பித்தப்பைக் கல். எடை மிக வேகமாக, அதாவது வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கும்போது, பித்தநீரில் கொழுப்புக் கூடிக் கல் உருவாகும் வாய்ப்பு உயர்கிறது. வாரம் அரை கிலோ என்ற வேகமே போதுமானது. யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களுக்கு, கீட்டோன் கூடும்போது அமிலம் வெளியேறுவது குறைந்து, கால் பெருவிரல் வீங்கும் கவுட் வலி திரும்பலாம்.

நான் வயல் வேலைக்குப் போகிறேன். காலை உணவை விட்டுவிடலாமா?

கூடாது. மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில், விடியற்காலையில் வயலில் இறங்கி மதியம்வரை குனிந்த முதுகோடு நாற்று நடும் பெண்கள் இழக்கும் நீருக்கும் உப்புக்கும் காலைக் கஞ்சிதான் ஈடு. களை எடுப்பது, வரப்பு வெட்டுவது, மூட்டை தூக்குவது, செங்கல் சூளையிலோ கட்டடத்திலோ வேலை செய்வது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வெயிலில் உழைக்கும் உடலில் நாள்தோறும் நீர் வற்றிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதோடு உணவையும் நிறுத்தினால் மயக்கமும் வெப்பத்தாக்கமும் எளிதில் வந்துவிடும்.

இவ்வளவு உழைத்தும் எடை கூடியிருக்கிறது என்றால், பெரும்பாலும் வேலை இல்லாத மாதங்களிலும், இரவு எட்டரைக்கு மேல் உண்ணும் பெரிய சாப்பாட்டிலும்தான் காரணம் இருக்கும். காலையில் பழையசோறும் மோரும் சின்ன வெங்காயமும் இருக்கட்டும். அது நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றையும் ஒருசேரத் தருகிறது. மாலை ஆறரை, ஏழு மணிக்குள் இரவு உணவை அளவோடு முடித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தானாகவே கிடைத்துவிடும்.

டிராக்டர், அறுவடை இயந்திரம், பேருந்து, லாரி ஓட்டுகிறவர்கள் சர்க்கரை மாத்திரையும் எடுப்பவர்களாக இருந்தால், அவர்கள் தடுமாறினால் ஆபத்து அவர்களுக்கு மட்டும் அல்ல.

எந்த வேளையை விடுவது நல்லது, காலையா இரவா?

விட முடியும் என்றால் இரவைச் சுருக்குவதே மேல். காலையில் இன்சுலின் திறம்பட வேலை செய்கிறது. இரவில் அதே உணவுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்த ஆண்கள் சிலரை, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே நாளின் கடைசி உணவை முடிக்கவைத்து 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எடை குறையாமலே இன்சுலினின் செயல்திறனும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. மூன்று மணிக்கு முடிப்பது குடும்ப வாழ்க்கைக்கு ஒத்துவராது. கடையை மூடிவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் மாலை ஏழு மணிக்குக் கடையிலேயே உண்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டாலே பெரிய மாற்றம்.

அந்த எட்டு மணி நேரத்துக்குள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியில்தான் இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது என்பது என் கருத்து. காலை உணவை விட்டவர் மதியம் பசியின் வேகத்தில் மலைபோல் பொன்னி அரிசிச் சோற்றைக் குவித்து, சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று உண்டு, மாலையில் அசோகா அல்வாவும் காராசேவும் எடுத்துக்கொண்டால் அவர் விட்ட கலோரி முழுவதும் திரும்பிவிடும்; சர்க்கரையும் ஒரேயடியாக ஏறும்.

இதைவிடக் கவலை தருவது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 54 கிராம் ஆகிறது. சோறு மையமான நம் உணவில் மூன்று வேளை உண்ணும்போதே இந்த அளவை எட்டாதவர்கள் பலர். ஒரு வேளையை நிறுத்தினால் இன்னும் குறையும். உடல் தன் தசையைக் கரைக்கத் தொடங்கும். முன்பு சொன்ன 2020-ஆம் ஆண்டு ஆய்விலும் குறைந்த எடையில் கணிசமான பங்கு கொழுப்பில்லாத திசுவாக இருந்ததுதான் ஆய்வாளர்களைக் கவலைப்படவைத்தது. அறுபதைக் கடந்தவர்களுக்குப் போன தசை எளிதில் திரும்பாது; விழுவதற்கும் எலும்பு முறிவதற்கும் அது வழிவகுக்கும்.

நல்லவேளையாக, புரதத்துக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சம்பா அறுவடைக்குப் பிறகு ஈரம் காயாத அதே வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் மண் இது. நூறு கிராம் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம்; நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். விலை உயர்ந்த வஞ்சிரத்துக்கு மத்தி எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஒவ்வொரு வேளையிலும் சோற்றைத் தொடும் முன் பருப்போ பயறோ முட்டையோ மீனோ தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ஒரு கை கீரையோ காயோ இருக்கட்டும்.

விரத நேரத்தில் காபி, டீ, மோர், இளநீர் குடிக்கலாமா?

தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் சேராத காபியும் டீயும் பரவாயில்லை. டிகிரி காபி என்றால் அது ஒரு சிற்றுணவு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். நீர்மோரிலும் இளநீரிலும் சிறிது கலோரி உண்டு. கணக்குப்படி விரதம் கலையும். ஆனாலும் வெயில் காலத்தில் தலைசுற்றும்போது உப்புப் போட்ட நீர்மோர் குடிப்பதில் தயக்கம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். மதுப்பழக்கம் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பது தடைப்பட்டு, சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் தாழ்சர்க்கரை வரலாம்.

ஏகாதசியும் சஷ்டியும் இருந்து பழகிய உடம்பு இது. ரமலான் நோன்பும் வைக்கிறோம். அந்தப் பழக்கம் போதாதா?

மாதம் இரண்டு நாள் ஏகாதசி இருப்பதும், வருடம் முழுவதும் நாள்தோறும் பதினாறு மணி நேரம் இருப்பதும் உடலுக்கு வெவ்வேறு சுமை. விரத நாளில் பெரும்பாலான வீடுகளில் ஓய்வும் உண்டு. தவிர, சோற்றை விலக்கிவிட்டு ரவை உப்புமாவும் ஜவ்வரிசிப் பாயசமும் உண்ணும் பலகார விரதத்தில் கலோரி குறைவதே இல்லை. அதை வைத்து “நான் தாங்குவேன்” என்று முடிவு செய்ய முடியாது.

ரமலான் நோன்பு பகல் முழுவதும் தண்ணீரும் அருந்தாமல் இருப்பது என்பதால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் சர்க்கரை நோயுள்ள எத்தனையோ பெரியவர்கள் மனமார நோன்பு வைக்கிறார்கள். அவர்கள் நோன்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையின் அளவையும் வேளையையும் விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கும் மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். சஹர் உணவை விடாமல், முடிந்தவரை கடைசி நேரத்தில் உண்பது நல்லது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அந்த நோன்பை அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பருப்பும் கறியும் சேர்வதால் அது நல்ல தொடக்கம். அதை அடுத்து வரும் எண்ணெய்ப் பலகாரங்களில்தான் கட்டுப்பாடு வேண்டும்.

நேர்த்திக்கடனாக இருக்கும் விரதத்தை எடை குறைப்புத் திட்டத்தின் மேல் ஏற்றி, ஒரே வாரத்தில் இரண்டையும் செய்ய வேண்டாம்.

இந்த விரதத்தால் இதய நோய் மரணம் கூடும் என்று செய்தி வந்ததே?

2024 மார்ச்சில் சிகாகோவில் நடந்த அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டத்தில் அந்த ஆய்வு முன்வைக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 அமெரிக்கர்களின் தரவில், 8 மணி நேரத்துக்குள் உண்டதாகச் சொன்னவர்களிடையே இதய நோய் மரண வாய்ப்பு 91 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அவர்கள் என்ன நேரத்தில் உண்டார்கள் என்பது இரண்டு நாள் உணவை நினைவிலிருந்து கேட்டுப் பதிந்தது; அவர்கள் எடை குறைக்க விரதம் இருந்தவர்களா, நோயாலும் வறுமையாலும் வேலை நெருக்கடியாலும் வேளை தவறியவர்களா என்பதை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. எனவே விரதம் மரணத்தை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இருந்தாலும், மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம் என்று சொல்ல இது போதுமான காரணம்.

நோபல் பரிசு பெற்ற முறை என்று சொல்கிறார்களே?

செல்கள் தம் பழுதடைந்த பகுதிகளைத் தாமே சிதைத்து மறுபயன்படுத்தும் ஆட்டோஃபேஜி என்ற நிகழ்வின் இயங்குமுறையைக் கண்டறிந்ததற்காக ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவருடைய அடிப்படை ஆய்வுகள் ஈஸ்ட்டில் நடந்தவை. பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்கு. எடை குறைக்கும் விரதத்துக்கு அல்ல.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை என்ன?

கருவுற்றவர்களும், கருத்தரிக்க முயல்பவர்களும், பால் கொடுப்பவர்களும் இதைச் செய்யக் கூடாது. உணவு மிகவும் குறைந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். அது உடல் தரும் எச்சரிக்கை. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு பதிவு செய்துள்ளது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீந்ததைக் கடைசியில் உண்ணும் பெண், விரதம் என்ற பெயரில் அதையும் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் ஹீமோகுளோபின் பார்க்கட்டும்; குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

வேறு யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், உடல் மெலிந்தவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதடைந்தவர்கள், அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறிவருபவர்கள், தளர்ந்த முதியவர்கள். உணவைப் பற்றிய அச்சமோ, பட்டினி கிடந்துவிட்டு அடக்கமுடியாமல் உண்ணும் பழக்கமோ உள்ளவர்களுக்கு இது நோயை வளர்க்கும். பள்ளி, கல்லூரிப் பெண்பிள்ளைகள் உடம்பைப் பற்றிய கேலிக்குப் பயந்து ரகசியமாகத் தொடங்குவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இரண்டு மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருக்கலாமா?

வீட்டில் வேண்டாம். பல நாள் பட்டினிக்குப் பின் திடீரென்று நிறைய உண்ணும்போது, ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் விழுந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துச் செல்வது?

எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தும் சத்துப் பொடியும் அதில் அடங்கும். கடைசியாகப் பார்த்த சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கிரியாட்டினின் அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்து, எப்போது வேலைக்குப் போய், எந்தெந்த நேரத்தில் என்ன உண்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் அவருக்கு முடிவெடுப்பது எளிது. எடை குறைக்க வேண்டிய அவசியம் உண்டா என்பதையும் கேளுங்கள். இந்தியர்களுக்கு உடல்நிறை குறியீடு (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்றும் அளவு வைத்திருக்கிறார்கள். மாத்திரை மாற்றப்பட்டால் எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை என்பதைத் தமிழில் எழுதி வாங்கி, வீட்டில் சமைப்பவரிடமும் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.